அம்மாச்சியின் இரு முளைகள்

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். சங்க இலக்கியத்தில் ஏதேனும் எழுதித் தருவேன் என்று எண்ணினார் போலும். "பல் செட்டைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். முப்பத்திரண்டு பற்களும் தெரியச் சிரித்தார். "எழுதுங்கள், நம் மலரில் இதுவரை வராத பொருள்" என்றார். முப்பத்திரண்டும் வாய்க்கப் பெற்றவர் சிரிக்கலாம். நான் எழுதப் போவதோ, சிரிப்பு வந்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொண்ட ஒரு மூதாட்டியைப் பற்றி.

அவள் என் தாயைப் பெற்றவள். அம்மாச்சி என்று அழைப்போம். மூணாற்றை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவள். எங்கள் வீடு பாலக்காட்டு மாவட்டத்தில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்பால், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கின்றது. இரண்டு ஊர்களும் கேரளத்தில்தான் உள்ளன. ஆயினும் எங்கள் வீட்டிலிருந்து அம்மாச்சி வீட்டிற்குப் போக, தமிழ்நாட்டிற்குள் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை கடந்து, ஒன்பதாறு சாவடியில் காட்டுக்குள் நுழைந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்தைத் தொட்டு, மறையூர் வழியாக மலை ஏற வேண்டும். 1956ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது வரைந்த கோடு எங்கள் குடும்பத்தின் நடுவே இரண்டு முறை குறுக்கிடுகின்றது. அந்தக் கதை வேறு. அதை இங்கே எடுக்கப் போவதில்லை. இந்தப் பாதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு நைலான் வளையத்தை மாற்றுவதற்கும் இவ்வளவு தொலைவு போக வேண்டியிருக்கும் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

அம்மாச்சியின் பற்கள் ஒரே நாளில் போனவை அல்ல. விடியற்காலைக் குளிருக்கு வெற்றிலையும் புகையிலையும் துணை என்பது மலைநாட்டு வழக்கம். ஈறு வீங்கும், பல் ஆடும், வலி பொறுக்காது, பிடுங்கிவிடுவார்கள். ஒரு பல்லைக் காப்பாற்றப் பலமுறை நகரத்திற்குப் போனால் அத்தனை நாள் கூலி போய்விடும். பிடுங்குவதற்கோ அரை நாள் போதும். இந்தக் கணக்கு எஸ்டேட் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்று, தன் லயத்து வீட்டை விட்டு என் மாமாவின் லயத்து வீட்டிற்கு அவள் குடிபுகுந்தபோது, மேலே நான்கும் கீழே மூன்றுமாக ஏழு பற்களே எஞ்சியிருந்தன. சில ஆண்டுகளில் அவையும் போயின.

2021ல் நான் பல் மருத்துவப் படிப்பின் இறுதி ஆண்டில் இருந்தேன். முழுப் பல் செட்டு ஒன்றை மாணவன் தன் கையால் செய்து நோயாளிக்குப் பொருத்திக் காட்ட வேண்டும். நண்பர்கள் நோயாளியைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாச்சியைக் கொண்டுவந்துவிட்டேன்.

பத்து நாட்கள் விடுதிக்கு அருகில் ஓர் உறவினர் வீட்டில் அவளைத் தங்கவைத்தேன். அச்சு எடுத்தேன், மெழுகில் கடிவாய் அளந்தேன், ஒவ்வொரு பல்லாக அடுக்கினேன். அவளுடைய பழைய திருமணப் படத்தை வைத்துக்கொண்டு முன்பற்களைச் சிறிது விலக்கியும் வைத்தேன். பிறகு மெழுகை நீக்கி அக்ரிலிக் வார்த்து வேகவைத்து மெருகேற்றினேன். 1930களின் இறுதி வரையில் செட்டுக்கு அடித்தளமாக இருந்தது பதப்படுத்திய ரப்பர். பார்க்கக் கன்றிய நிறமாக இருக்கும். இப்போதைய இளஞ்சிவப்பு அக்ரிலிக் ஈற்றோடு ஈறாகத் தோன்றும். வாயில் பொருத்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, எங்க ஆத்தா மாதிரில்ல இருக்கேன்" என்றாள். பேராசிரியர் வந்து பார்த்துத் தலையசைத்தார். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அன்று என்னைவிடப் பெருமை கொண்டவன் கல்லூரியில் ஒருவனும் இருந்திருக்க மாட்டான்.

அதன் பின்னர்த் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "பல்லு நல்லா இருக்குதுங்களா அம்மாச்சி?" என்று கேட்பேன். "நல்லா இருக்குய்யா" என்பாள். விடுமுறையில் போனால் இரண்டு செட்டும் வாயில் இருக்கும். எனக்கு வேறென்ன வேண்டும்?

மறு ஆண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மலையேறிப் போனேன். மாமாவும் அத்தையும் வேலைக்காட்டில் இருந்தார்கள். அம்மாச்சி பின்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குத் தேநீர் போடச் சர்க்கரை தேடி அடுக்களையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. அவிழ்த்தால், நான் செய்த பல் செட்டு! அதிலும் கீழ்ச் செட்டு மட்டும். மேல் செட்டு அவள் வாயில் இருந்தது.

என்னைக் கண்டதும் அவள் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை. திருடியது அகப்பட்டதுபோல் நின்றாள். "மேல் பல்லு நல்ல பிள்ளைய்யா. கீழ்ப் பல்லுதான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றாள். நாக்கை அசைத்தால் எழுந்து நிற்கின்றதாம். பேசினால் மிதக்கின்றதாம். ஒரு சிறு பருப்பு அடியில் புகுந்துவிட்டால் உயிர் போகின்றதாம். ஈற்றில் புண் ஆறவே இல்லையாம். எல்லாரும் உண்ட பிறகு, அடுக்களை மூலையில் உட்கார்ந்து குழைந்த சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்து விழுங்குகின்றாளாம். ஓராண்டாக எந்தத் திருமணப் பந்தியிலும் அவள் அமரவில்லை என்பதை அத்தை மாலையில் வந்து சொன்னாள்.

"ஏன் அம்மாச்சி என்கிட்ட சொல்லலீங்க?"

"நீ மார்க்கு வாங்கின பல்லாச்சேய்யா."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போய், எங்கே தவறினேன் என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செட்டில் பிழை இல்லை. எலும்பு அந்த அளவில்தான் இருக்கின்றது. ஆனால் ஒரு பிழை செய்தாய். நல்லா இருக்கா என்று கேட்டாய். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்" என்றார். அவர் சொன்னதை எழுதி என் மேசைமேல் ஒட்டிவைத்திருக்கின்றேன்.

மேல் செட்டு ஏன் நல்ல பிள்ளை, கீழ்ச் செட்டு ஏன் அடங்காப் பிள்ளை என்பதை நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடி அமர்கின்றது. இடையில் மெல்லிய உமிழ்நீர்ப் படலம். ஓரங்கள் சுற்றிலும் மூடிக்கொள்வதால் காற்று புகாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றது. கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. அது குதிரை லாடம் போல் வளைந்த ஒரு குறுகிய வரப்பு. உள்ளே நாக்கு, வெளியே கன்னமும் உதடும். மூன்றும் ஓயாமல் அசைபவை. மேல் செட்டு அமர்வதற்கு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர் இடம் உண்டு என்றும், கீழ்ச் செட்டுக்கு 12 அளவே உண்டு என்றும் எங்கள் நூல்கள் கூறுகின்றன. இயற்கைப் பற்களை எலும்போடு பிணைக்கும் நார்ப்பரப்போ ஒரு தாடைக்கு ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர்.

அந்தச் சிறு வரப்பும் நிலைப்பதில்லை. பல் இருக்கும் வரையில்தான் தாடை மேட்டுக்கு வேலை. பல் போனபின், வேலையற்ற எலும்பை உடல் மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கின்றது. டால்கிரென் என்னும் ஆய்வாளர் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கத்தில் கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்தது என்று காட்டினார். அம்மாச்சியின் கீழ்த்தாடையின் படத்தைப் பார்த்தபோது அது என் சிறுவிரல் தடிப்புக்கு இறங்கியிருந்தது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: பிடிப்பு, தாங்கல். எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும். களத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருப்பவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் தெரியும். கொட்டகைக்குக் கால்கள் உண்டு. அவை கூரை கீழே அமுங்காமல் தாங்குகின்றன. முளையடித்துக் கட்டிய கயிறும் உண்டு. அது கூரை மேலே பறக்காமல் பிடிக்கின்றது. கால் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கயிறு இல்லையானால் கூரை பக்கத்து வயலில் கிடக்கும். கயிறு இருந்தும் கால் இல்லையானால் கூரை தலையில் விழும். அம்மாச்சியின் கீழ்ச் செட்டுக்கு இரண்டும் குறைவு. மென்றால் அமுக்கம் மெல்லிய ஈற்றின்மேல் விழுந்து புண்ணாகின்றது. இது தாங்கல் இன்மை. பேசினால் மேலெழுகின்றது, இது பிடிப்பு இன்மை.

முதலில் எளிய வழிகளைப் பார்த்தோம். செட்டின் அடிப்புறத்தில் புதுப் படலம் வார்த்துத் தாடையோடு பொருத்தினேன். ஒட்டும் பசைத் தூளும் வாங்கிக் கொடுத்தேன். சில வாரங்கள் நன்றாக இருந்தது. பிறகு மீண்டும் பிஸ்கட் டப்பா.

அப்போதுதான் பேராசிரியர் இம்பிளான்ட் வைக்கலாம் என்றார். அது டைட்டானியத்தால் ஆன ஒரு திருகாணி. ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தடிப்பும் பத்து மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். தாடை எலும்பில் துளையிட்டுத் திருகிவிட்டால் சில மாதங்களில் எலும்பு அதனோடு ஒன்றிவிடுகின்றது. இந்த ஒன்றுதல் தேடிக் கண்டதன்று. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், 1952ல், பிரோனிமார்க் என்னும் ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் காண டைட்டானியத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் கழலவில்லை! எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. 1965ல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இத்தகைய திருகாணிகளை அவர் பொருத்தினார். லார்சன் 2006ல் இறக்கும் வரையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை பயன்பட்டன. எனினும் பிரோனிமார்க்கைப் பல் மருத்துவ உலகம் நெடுங்காலம் ஐயத்தோடே பார்த்தது. 1982ல் கனடாவின் டொராண்டோவில் நடந்த மாநாட்டிற்குப் பிறகே அவருடைய முறை பரவலாக ஏற்கப்பட்டது.

பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு எத்தனை திருகாணிகள் வேண்டும்? கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002ல் கூடிய வல்லுநர்கள், இரண்டு இம்பிளான்ட்கள் பிடித்த செட்டே முதலில் கருத வேண்டிய மருத்துவம் என்று அறிவித்தனர். 2009ல் இங்கிலாந்தின் யார்க்கிலும் அதையே வலியுறுத்தினர். அவை நிற்கும் இடம் பழைய கோரைப் பற்களின் இடம். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளிவரும் துளைகள் வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக உள்ளன. அவ்விரு துளைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில், எவ்வளவு தேய்ந்த தாடையிலும், கெட்டியான எலும்பு எஞ்சியிருப்பதே பெரும்பான்மை.

அம்மாச்சிக்கு இதை விளக்கப் பட்டபாடு பெரிது. இம்பிளான்ட் என்றால் புரியவில்லை. கொட்டகைக் கதையைச் சொல்லி, "தாடையில ரெண்டு முளை வைக்கப் போறோமுங்க" என்றேன். அவள் கண்கள் விரிந்தன. "பல்லு முளைக்குமாய்யா? இந்த வயசுலயா?" என்றாள். நான் நினைத்தது அடிக்கும் முளை. அவள் நினைத்தது விதை முளை. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முளை. இக்கட்டுரையிலும் இனி அப்படியே எழுதுகின்றேன்.

அவள் கேட்ட அடுத்த கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பது. இதைத் தாண்டிப் போக முடியாது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் கூலி உயர்வும் 20 விழுக்காடு போனசும் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்களே, அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். அந்தக் கூலியில் கணக்கிட்டால், கல்லூரிக் கட்டணத்திலேகூட, இரண்டு முளைகளும் அவற்றின் பூட்டும் பல மாத உழைப்பு ஆகும். கேரள அரசின் சமூக நீதித் துறை 'மந்தஹாசம்' என்னும் திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள அறுபது கடந்த முதியோர்க்கு இலவசமாகப் பல் செட்டுக் கொடுக்கின்றது. பெயர் வடசொல்லாயினும் பொருள் இனியது: புன்முறுவல். நல்ல திட்டந்தான். ஆனால் கிடைப்பது செட்டு, முளை அன்று. தேய்ந்த தாடையில் கீழ்ச் செட்டு எங்கே போய்ச் சேரும் என்பதை நான் டப்பாவைத் திறந்து பார்த்தவன். எங்களுக்கு மாமாவின் போனசும் என் உதவித்தொகைச் சேமிப்பும் கைகொடுத்தன. அடுத்த வீட்டு மூதாட்டிக்கு யார் கொடுப்பார்?

புகையிலையை விடவேண்டும் என்றார் பேராசிரியர். முப்பத்தாறு ஆண்டு நட்பு! முதல் வாரம் எரிந்து விழுந்தாள், பிறகு விட்டுவிட்டாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்தோம், சற்று மிகுதி. மருந்தை மாற்றி, குறையும் வரை காத்திருந்தோம். 2023ன் தொடக்கத்தில் நாள் குறித்தோம்.

அறுவையை நான் செய்யவில்லை, உதவிக்கு நின்றேன். மரப்பு ஊசி போட்டு, ஈற்றைச் சிறிது விலக்கி, எலும்பு சூடேறாமல் உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே மெல்லத் துளையிட்டார் பேராசிரியர். எலும்பு நாற்பத்தேழு பாகைச் சூட்டுக்கு மேல் சற்று நேரம் இருந்தாலே மடியத் தொடங்கும் என்பதால் அவ்வளவு நிதானம். திருகாணி இறங்கும்போது கடைசிச் சுற்றுகளில் இறுகியது. அந்த இறுக்கம்தான் நல்ல அறிகுறி. ஒரு மணி நேரத்தில் இரண்டும் முடிந்தன. டைட்டானியம் நம் பக்கத்திற்கு அயல் பொருள் அன்று. கொல்லத்துச் சவராவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரைக் கருமணலில் அதன் கனிமம் கிடக்கின்றது. அம்மாச்சியின் முளைகள் எந்த நாட்டு மணலில் பிறந்தனவோ!

எலும்பு ஒன்றுவதற்கு மூன்று மாதங்கள் காத்திருந்தோம். கீழ்ச் செட்டின் அடியைக் குடைந்து மெத்தென்ற படலம் வைத்துக் கொடுத்தேன். இந்த மூன்று மாதங்கள் அவளுக்குப் பெருந்துன்பம். "முளைச்சிருச்சா?" என்று வாரந்தோறும் கேட்பாள்.

மூன்று மாதம் கழித்து முளைகளின் தலையில் பூட்டு வைத்தோம். சட்டையில் வைக்கும் பிரஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி முளையின் தலையில். மறு பாதி செட்டின் அடியில், உலோகக் கிண்ணத்துக்குள் ஒரு நைலான் வளையம். செட்டை வைத்து விரலால் அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். பிறகு இடப்பக்கமும் டக். அம்மாச்சி நாக்கை அசைத்துப் பார்த்தாள். பெயரைச் சொல்லிப் பார்த்தாள். என் பெயரையும் சொன்னாள். செட்டு எழவில்லை. சிரித்தாள். கை முந்தானையைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இரண்டு முளைகள் முதன்மையாகக் கொடுப்பது பிடிப்பு. முன்பக்கத்தில் ஓரளவு தாங்கலும் உண்டு. கடைவாய்ப் பக்கத்தில் செட்டு இன்னமும் ஈற்றின்மேல்தான் அமர்கின்றது. அங்கே கடித்தால் அமுக்கம் ஈற்றுக்கே போகின்றது. நான்கு முளைகள் வைத்து அவற்றை ஒரு உலோகக் கம்பியால் இணைத்தால் தாங்கலும் பெரும்பகுதி எலும்புக்குப் போய்விடும். அதற்குப் பணம் இல்லை. அவளுக்கு மீண்டும் ஒரு அறுவைக்கு மனமும் இல்லை. ஆனாலும் முன்பக்கத்து எலும்புக்கு வேலை கிடைத்திருக்கின்றது. முளை நிற்கும் இடத்தைச் சுற்றித் தேய்வு வெகுவாகக் குறையும். முளைத் தலையை நாள்தோறும் துலக்க வேண்டும். இல்லையெனில் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரைந்து முளையே ஆடத் தொடங்கும். பல் இருந்த காலத்தில் அவளுக்கு யாரும் சொல்லாத இந்தப் பாடத்தை, பல் போன பிறகு அவள் ஒழுங்காகச் செய்கின்றாள்.

அந்த ஆண்டு ஆவணியில் என் சித்தப்பா மகள் திருமணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்தது. அம்மாச்சி முதல் பந்தியில் அமர்ந்தாள். அப்பளத்தை நொறுக்கினாள். பக்கத்து இலைக்காரியோடு ஓயாமல் பேசினாள். சாப்பாட்டைவிடப் பேச்சே மிகுதி. நான் பரிமாறுவதுபோல் இரண்டு முறை அந்த வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தை மாதம் வந்தபோது அம்மா பனங்கிழங்கு அவித்தாள். எங்கள் பக்கம் பனைக்குக் குறைவில்லை. அதுவும் ஒரு முளைதானே! நார் உரித்து, சிறு சிறு துண்டாக்கி, கடைவாயில் இருபக்கமும் ஒத்து வைத்து மெல்லுங்கள், முன்பல்லால் இழுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டை முன்பல்லால் இழுத்துவிட்டாள். செட்டு கழன்றது. டக், டக் என்று மீண்டும் பூட்டிக்கொண்டு, "நீ உன் வேலையப் பாருய்யா" என்றாள்.

நைலான் வளையம் தேயும். ஓராண்டிலோ சற்று முன்பின்னாகவோ மாற்ற வேண்டும். வேலை ஐந்து நிமிடம். ஒரு சிறு கருவியும் புது வளையமும் போதும். அந்த ஐந்து நிமிடத்திற்காக ஒரு மூதாட்டி மலையிறங்கி மாநில எல்லைகளைக் கடந்து வரவேண்டியிருக்கின்றது, அல்லது ஒருவன் ஏறிப் போகவேண்டியிருக்கின்றது. மருத்துவம் செய்து முடித்தோம் என்று நாங்கள் கோப்பில் எழுதுகின்றோம். நோயாளிக்கு அது ஆண்டுதோறும் தொடங்குகின்றது.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினோம். இப்போது நான் கேட்பது வேறு கேள்வி. "நேத்து என்ன சாப்பிட்டீங்க அம்மாச்சி?" என்றேன். "கொள்ளு ரசமும் முட்டைக்கோசுப் பொரியலும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏய்யா, எடது பக்கம் சத்தம் வர மாட்டேங்குது. வந்து பாரு. டப்பாவுல போடலை, வாயிலதான் இருக்கு" என்றாள்.

இரண்டு வளையங்களையும் கருவியையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை உடுமலைப் பேருந்து.